தழும்பில்லாத புண்

பொங்கல் விழா. ஆம்பூரை அடுத்த சிற்றூரின் மண்திடல். சடுகுடு சூடேறி நிற்கிறது. பாடிச் சென்ற இளைஞனை நால்வர் மடக்கிப் பிடிக்கின்றனர். அவன் தலை தரையிலே மோதுகிறது. ஒரு நொடி, எங்கோ பார்த்தபடி கிடக்கிறான். பிறகு எழுகிறான், மண்ணைத் தட்டிக்கொள்கிறான், மீண்டும் ஆடுகிறான். திடல் முழுதும் கைதட்டல்! நாமும் தட்டியிருக்கிறோம்.

திங்கட்கிழமை, காலணித் தொழிற்சாலையில் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இரைச்சல் மண்டைக்குள் இடிக்கிறது. சொன்னதை மறக்கிறான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். வாரங்கள் சென்றும் தீரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், எலும்பு முறியவில்லை, குருதி கசியவில்லை. உடனே பிறக்கின்றன தீர்ப்புகள்! “வேலைக்குக் கள்ளம்” என்கிறார் மேற்பார்வையாளர். “பயந்துவிட்டான்” என்கிறார் ஆட்டக்குழுத் தலைவர். “காத்து கருப்பு” என்று வேப்பிலை தேடுகிறாள் பாட்டி. மூடநம்பிக்கை என்று பாட்டியை மட்டும் நகையாடுகிறோம் நாம். மற்ற இருவரையும் என்னென்பது?

தோல் பதனிடும் வட்டாரத்திலே வாழ்வோர் நாம். ஒரு தோலைக் கையால் தடவியே, முள் கீறிய வடு எங்கே, உண்ணி கடித்த புள்ளி எங்கே என்று சொல்லிவிடுவோர் நம்மிடையே உண்டு. தோலின் குறை தோலிலே தெரியும். மூளையின் குறை அப்படியன்று. மண்டைக்குள்ளே மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. வேலை கெடுகிறது, வடிவம் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவேதான் படத்தில் ஏதும் தெரிவதில்லை. மூளையதிர்ச்சி என்பது இதன் பெயர். நினைவு தப்பினால்தான் அதிர்ச்சி என்பதுமில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகின்றனர். சிலருக்கோ திங்கள் கணக்கில் நீடிக்கிறது. ஆறுமுன் மறு அடி விழுந்தால், உயிருக்கே கேடு நேரலாம்.

கண்ணுக்குத் தெரிந்த காயத்தின் கதை ஒன்றை வேலூர் அறியும். 1962 மார்ச்சில், பார்படோசில், இந்தியக் கிரிக்கெட் அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது சார்லி கிரிஃபித் வீசிய பந்து. மண்டையோடு உடைந்தது. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்தார். குருதி வழங்கியோரிலே மேற்கிந்தியத் தலைவர் பிராங்க் வொரலும் ஒருவர். பின்னர் அவர் தலையில் உலோகத் தகடு பொருத்தியவர், 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. அறுபது ஆண்டு இருந்த அத்தகட்டை 2022இல்தான் எடுத்தனர். கான்ட்ராக்டர் உள்நாட்டு ஆட்டங்களுக்குத் திரும்பினார். டெஸ்ட் ஆட்டம் மறுபடி ஆடவேயில்லை. அவரை யார் கோழை என்பார்? எலும்பு சாட்சி சொன்னது! சாட்சி சொல்ல எலும்பில்லாதவன் என்ன செய்வான்?

இங்கே ஒரு தோழர் நம்மை மடக்கக்கூடும். “காணாததை நம்பாதே என்று ஊரூராய்ச் சொன்னோம். இப்போது அவன் சொல்லை நம்பு என்கிறீர்களே! அம்மன் என்மேல் வந்தாள் என்கிற சாமியாடியின் சொல்லையும் நம்பலாமோ?”

கேள்வி கூரியது; தட்டிக்கழிக்கக் கூடாது. சாமியாடி தன் உடலைப் பற்றி மட்டுமா பேசுகிறார்? உனக்குத் தோஷம், ஊருக்குக் கேடு, ஆட்டைக் கொண்டுவா என்று பிறரை ஆள்கிறார். சோதிக்க முற்பட்டால் சீறுகிறார். அடிபட்டவனோ தன் தலையைப் பற்றி மட்டுமே சொல்கிறான், கேட்பது ஓய்வு. சோதிக்கவும் இடம் தருகிறான். சில சொற்களைக் கூறிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்கலாம், மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்லலாம், ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்க்கலாம். களத்தோர மருத்துவர்கள் செய்வன இவையே. தேறிவிட்டாலும் வலி இல்லையென்று ஆகிவிடாதுதான். அப்போது ஐயத்தின் பயனை யாருக்குத் தருவது? பொய் சொன்னவனை நம்பினால் ஓர் ஆட்டமும் சில நாள் கூலியும் போகும். மெய் சொன்னவனை நம்பாவிட்டால் போவது அவன் மூளை! ஐயுறுதல் பகுத்தறிவு, சோதிக்காமலே சிரிப்பதற்கும் பாட்டியின் வேப்பிலைக்கும் என்ன வேறுபாடு?

நம் பெருமையிலும் குற்றமுண்டு. மார்பிலே பட்டால் விழுப்புண், முதுகிலே பட்டால் புறப்புண் என்று, புண்பட்ட இடத்தைக் கொண்டே மானத்தை அளந்த மரபு நம்முடையது. மண்டைக்குள் படும் புண்ணுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. எழுந்து ஆடினால் வீரன், அமர்ந்தால் கோழை என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தது எது? நமது கைதட்டல்தான்.

தோல் தொழிலாளருக்குத் தொழில் நோய் என்ற சொல் புதிதன்று. இங்கிலாந்திலே, தோல் பந்தைத் தலையால் முட்டி முட்டியே புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஜெஃப் ஆசில், மூளை நலிந்து 2002இல் மாண்டபோது, மரண விசாரணை அதிகாரி கொடுத்த முடிவும் அதுவே: தொழில் நோய்! கோழைத்தனம் என்றோ, விதி என்றோ அவர் எழுதவில்லை.

தலையில் அடிபட்டவருக்குப் பதில் மாற்று ஆளை இறக்கலாம் என்று உலகக் கிரிக்கெட் 2019இல் விதி செய்தது. நம் மண்திடலுக்கு? அடுத்த பொங்கலுக்கும் நோட்டீஸ் அச்சாகும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கொட்டை எழுத்தில் வரும். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது என்று அதன் கீழே ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? விழாக்குழுக்களிலே நம் தோழர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.