குழி தோண்டியவன் கடன்

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் உழவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது போன்ற ஓர் எளிய சட்டம் காணப்படுகின்றது. ஒருவன் ஒரு குழியைத் திறந்து விடுகிறான். அல்லது புதிதாக ஒன்றைத் தோண்டி மூடாமல் போகிறான். அயலானின் மாடோ கழுதையோ அதில் விழுந்து மடிகின்றது. குழிக்கு உரியவன் ஈடு கொடுக்க வேண்டும். அவன் அந்த மாட்டைக் கொல்ல நினைத்தானா, அவன் நல்லவனா கெட்டவனா, குழி எதற்காகத் தோண்டப்பட்டது என்றெல்லாம் சட்டம் கேட்கவில்லை. தோண்டியதனாலேயே பொறுப்பு அவன் தலைமேல் வந்து விடுகின்றது.

இச்சட்டத்தை இன்று நம் மண்ணில் வைத்துப் பார்க்கும்போது ஒரு புதிய வினா எழுகின்றது. குழியைத் தோண்டியவன் அதை மூடியும் விட்டான், நன்றாகவே மூடினான். ஆனால் அதற்குள் வைத்த பொருள் அவன் இறந்த பின்னும் பல தலைமுறைக் காலம் தீங்கு செய்ய வல்லது. அப்போது அவன் கடன் எங்கே முடிகின்றது? ஈடு கேட்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்றால், அவர்களுக்காக வழக்காடுபவர் யார்?

இது வெறும் கற்பனை வினா அன்று. நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில், கூடங்குளம் அணுமின் நிலையம் இயங்குகின்றது. 1988 நவம்பரில் இராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டில் முளைத்த நிலையம் அது. தலா 1000 மெகாவாட் திறனுள்ள முதல் அணுஉலை 2013 ஜூலையிலும், இரண்டாவது 2016 ஜூலையிலும் தொடர்வினையைத் தொடங்கின. எந்த அடுப்பும் சாம்பலை விடுவது போல் எந்த அணுஉலையும் கழிவை விடுகின்றது. அக்கழிவு ஒரே வகையானதன்று. வேலையாட்கள் அணிந்த கையுறை, துடைத்த துணி, வடிகட்டி, பழைய கருவி போன்ற குறைந்த கதிரியக்கமுள்ள திடக்கழிவுகள் ஒரு வகை. இவற்றைச் சிமெண்டோடு இறுக்கி, நிலையத்தின் வளாகத்திலேயே கான்கிரீட் தொட்டிகளிலும் அகழிகளிலும் அதிக ஆழமின்றிப் புதைப்பது நம் நாட்டு அணுமின் நிலையங்களின் வழக்கம். உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் மற்றொரு வகை. அது தண்ணீர்த் தொட்டிகளில் குளிரவைக்கப்படுகின்றது. அதன் இறுதி இருப்பிடம் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

முதல் வகையில் பெரிதும் அஞ்சத்தக்கவை சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 ஆகிய இரண்டு. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் இவற்றின் கதிரியக்கம் பாதியாகின்றது. அடுத்த 30 ஆண்டுகளில் அப்பாதியும் பாதியாகின்றது. இவ்வாறு பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். ஆகவே மூடிய புதைகுழியை 300 ஆண்டுகள் காத்துக் கண்காணிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

300 ஆண்டு என்பது தாளில் ஒரு சிறிய எண். நம் வரலாற்றில் அதை அளந்து பார்ப்போம். காமநாயக்கன்பட்டியில் திருப்பணியாற்றிய வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றிய ஆண்டு 1726. அன்று மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பின் ஆர்க்காட்டு நவாபு வந்தார், பாளையக்காரர் போர்கள் நடந்தன, கும்பினி 1790இல் திருநெல்வேலியை ஒரு மாவட்டமாக்கியது, பிரித்தானிய முடியாட்சி வந்து போனது, குடியரசு பிறந்தது, மாவட்டமே இரண்டாகவும் பின்னர் மூன்றாகவும் பிரிந்தது. வீரமாமுனிவர் காலத்தில் ஓர் அரசு அலுவலர் ஒரு குழிக்கு வேலியிட்டு, இதை 300 ஆண்டு காவுங்கள் என்று ஓலை எழுதி வைத்திருந்தால், அந்த ஓலை எத்தனை கை மாறி நம்மிடம் வந்திருக்கும்? வந்திருக்குமா? தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் நம் முன்னோர் தம் இறந்தோரைத் தாழிகளில் வைத்துப் புதைத்தார்கள். தாழிகள் நமக்குக் கிடைத்துள்ளன; புதைத்தவர்களின் பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. பொருள் நிலைத்தது, நினைவு நிலைக்கவில்லை. அணுக்கழிவைப் புதைப்பவர்கள் முதலில் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் இதுவே.

மனிதரின் நினைவை நம்ப முடியாது என்றால் நிலத்தைத்தான் நம்ப வேண்டும். நிலத்தை நம்புவதென்றால் அதை அறிந்திருக்க வேண்டும். இங்கேதான் நிலத்தடி நீரையும் நிலத்தின் உறுதியையும் ஆராயும் பணி ஓர் அறப்பணியாகின்றது.

புதைத்த பொருளைக் குழியிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் வண்டி பெரும்பாலும் தண்ணீர்தான். மழை பெய்து, மண்ணுக்குள் இறங்கி, தொட்டியின் வெடிப்பு வழியே புகுந்து, கழிவைத் தொட்டுக்கொண்டு, ஒரு நாள் யாரோ ஒருவருடைய கிணற்றை அடையலாம். எனவே அறிஞர்கள் நிலத்திடம் சில கேள்விகள் கேட்கிறார்கள். கோடையில் நீர்மட்டம் எந்த ஆழத்தில் உள்ளது, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் எவ்வளவு உயர்கின்றது? நீர் எத்திசையில், என்ன வேகத்தில் நகர்கின்றது? அங்குள்ள களிமண் சீசியத்தைப் பிடித்து வைக்குமா? ஸ்ட்ரான்சியம் அதைவிட எளிதாக நழுவும். டிரிட்டியமோ நீரின் உருவிலேயே நீரோடு போய்விடும். பாறையில் வெடிப்பு உண்டா? நிலம் அமிழுமா, நடுங்குமா? இக்கேள்விகளுக்காகவே புதைகுழிகளைச் சுற்றிலும் துளைக்கிணறுகள் இட்டு, காலந்தோறும் நீரெடுத்துச் சோதிக்கிறார்கள்.

நிலம் இக்கேள்விகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே விடை தருவதில்லை. கூடங்குளம் நிலையம் கடினமான பாறையின் மேல் அமைந்துள்ளது என்று அதைக் கட்டியோர் கூறுகின்றனர். அதே மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகிலுள்ள ஆயன்குளத்தில் நிலத்தின் இயல்பு வேறு. 2021ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது அங்கே ஒரு கிணற்றுக்குள் வெள்ளம் நாள்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. மக்கள் அதை அதிசயக் கிணறு என்றனர். சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து ஆராய்ந்தனர். நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதை மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக் குகைகளையும் வழிகளையும் ஏற்படுத்தியிருக்கின்றது. வெள்ளம் அவ்வழியே சென்றுவிட்டது. ஆயன்குளத்து விடையைக் கூடங்குளத்துக்குப் பொருத்துவது நேர்மையாகாது. ஒன்று சுண்ணாம்புப் பாறை, மற்றது வேறு பாறை. ஆயினும் மேலே ஒன்றுபோல் தோன்றும் தேரியும் பொட்டலும் அடியில் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதை அக்கிணறு நமக்குக் காட்டிவிட்டது. நிலத்தை இடத்துக்கு இடம் கேட்டறிய வேண்டும்.

ஒருமுறை கேட்டாலும் போதாது. தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைக்கும் கால்வாய் 2025இல் திறக்கப்பட்டது. சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட நிலங்களின் நீர்மட்டத்தை உயர்த்துவதே அதன் நோக்கம். நல்ல நோக்கம், அந்த மக்கள் பல்லாண்டு காத்திருந்து பெற்ற தண்ணீர். ஆனால் மனிதன் எண்ணினால் நிலத்தடி நீரின் நிலையை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இன்றைய ஆய்வேடு இன்றைய நிலத்தைப் பற்றியது. நூறாண்டுக்குப் பின் அந்த நிலத்தில் என்ன வெட்டுவார்கள், எங்கே நீர் தேக்குவார்கள், கடல் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அது அறியாது.

ஆய்வில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஜெர்மனியில் ஆசே என்னுமிடத்தில் ஒரு பழைய உப்புச் சுரங்கம் இருந்தது. உப்பு இருக்கும் இடத்தில் நீர் இராது என்ற நம்பிக்கையில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலன்களில் கதிரியக்கக் கழிவை அதற்குள் இறக்கினார்கள். அருகிலிருந்த இரண்டு சுரங்கங்கள் முன்னமே நீரில் மூழ்கியிருந்தன. அச்சாட்சியத்தின் எடையை உணர்ந்தவர்கள் குறைவு. 1988 முதல் அங்கே நீர் கசியத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. சுரங்கமும் நெகிழ்ந்து உறுதி குன்றியது. புதைத்த அனைத்தையும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டுமென்று 2013இல் அந்நாடு சட்டம் இயற்றியது. ஆசேயிலும் அறிஞர்கள் இருந்தார்கள், கருவிகள் இருந்தன. குறை அறிவில் மட்டும் இல்லை. இடத்தை முதலில் தெரிந்தெடுத்துவிட்டு, அது தகுதியானது என்று காட்டுவதற்காகச் செய்யப்படும் ஆய்வில் ‘இல்லை’ என்ற விடைக்கு இடமிராது. அத்தகைய ஆய்வு, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சிகளை அழைக்கும் நீதிமன்றத்தை ஒத்தது.

இதனால் நிலம் எதையும் தாங்காது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்னுமிடத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் யுரேனியப் படிவுகளில் அணுப்பிளவு தானாகவே நடந்ததை 1972இல் கண்டறிந்தார்கள். அங்கே உண்டான கழிவில் பெரும்பகுதி தோன்றிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. பொருத்தமான பாறையும் களிமண்ணும் பலவற்றைப் பற்றிக்கொண்டு காக்கும் என்பதற்குப் படைப்பே எழுதி வைத்த ஏடு அது. பின்லாந்து நாட்டினர் பல்லாண்டு ஆராய்ந்த பின், 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பழம்பாறையைக் குடைந்து, செப்புக் கலன்களைக் களிமண்ணால் பொதிந்து வைக்க ஓங்கலோ என்ற புதைவிடத்தை அமைத்துள்ளனர். ஒரு இலட்சம் ஆண்டைக் கணக்கில் கொண்ட வேலை அது.

நம் நாட்டில் அத்தகைய ஆழ்நிலப் புதைவிடம் இன்னும் அமையவில்லை. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியில் சோதனைகள் நடந்தன; 2012இல் அங்கே புதைவிடம் வரக்கூடும் என்ற செய்தி எழுந்ததும் கோலார் மக்கள் கொதித்தெழுந்தார்கள்; அப்படியொரு திட்டம் இல்லை என்று விளக்கம் வந்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூடங்குளம் நிலையத்தை இயக்க இசைவளித்தபோது, ஆழ்நிலப் புதைவிடத்துக்கான முயற்சிகளை விரைந்து எடுக்கவும், எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே காக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்கவும் பணித்தது. கெடு 2018இல் நீட்டிக்கப்பட்டது. கிடங்கைப் பற்றி 2019 ஜூலையில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது. கோலார் மக்கள் வேண்டாம் என்றதைக் கூடங்குளத்து மக்கள் தற்காலிகம் என்ற பெயரில் சுமக்கிறார்கள்.

இங்கே நாம் ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு கேட்க வேண்டும். மின்சாரமின்றி மருத்துவமனை இல்லை; நெசவு இல்லை; ஏழை மாணவனுக்குப் படிக்க விளக்கு இல்லை. தூத்துக்குடியில் நிலக்கரியை எரித்தாலும் சாம்பல் மிஞ்சத்தான் செய்கின்றது. நாளைய மனிதர் நம்மைவிட அறிவாளிகளாய் இருப்பார்கள். அவர்கள் வழி கண்டுகொள்வார்கள். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பிள்ளைகளின் நலனுக்காகத் தந்தை கடன் வாங்குவது பாவமன்று. ஆனால் கடன் சீட்டை ஒளித்து வைத்துவிட்டு இறப்பது வஞ்சகம். பிள்ளை கெட்டிக்காரன், எப்படியும் அடைத்துவிடுவான் என்று சொல்லிக்கொள்வதால் அது நேர்மையாகிவிடாது. தலைமுறைகளுக்கிடையே உள்ள உறவு இரக்கத்தின்பாற்பட்டதன்று, நீதியின்பாற்பட்டது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் கற்பித்தது இதையே. அந்நீதி நம்மிடம் கேட்பது, நாம் விட்டுச் செல்லும் சுமையின் முழுக் கணக்கையும் எழுதி வைப்பது.

அக்கணக்கை எழுதும்படி கேட்டவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் மனச்சான்றுக்குரிய வினா. 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் அமர்ந்திருந்த மீனவப் பெண்கள் அணுவியல் கற்றவர்கள் அல்லர். ஆனால் கழிவை எங்கே வைப்பீர்கள், எத்தனை காலம் வைப்பீர்கள், யார் காப்பார்கள் என்று அவர்கள் கேட்டவை அறிவியலின் கேள்விகளே. அவர்களில் பலர் மீது வழக்குகள் பாய்ந்தன. பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மின்விசிறியின் அடியில் அமர்ந்து, அது கடற்கரையாரின் சிக்கல் என்று நம்மில் பலர் இருந்துவிட்டோம். குழியைத் தோண்டிய கை ஒரு நிறுவனத்துடையதாய் இருக்கலாம். அதன் பயனைத் துய்க்கும் ஒவ்வொருவரும் குழிக்கு உரியவரே. விடுதலைப் பயணத்தின் சட்டம் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கின்றது.

நாம் செய்யக்கூடியது என்ன? துளைக்கிணறுகளில் எடுக்கும் நீரின் அளவீடுகளை ஆண்டுதோறும், அந்தந்த ஊர் மக்கள் படித்தறியும் தமிழில் வெளியிடச் சொல்லிக் கேட்கலாம். நிலையத்தைச் சாராத பல்கலைக்கழகமொன்றும் அந்நீரைச் சோதிக்க வழிவகை கோரலாம். பங்குகளும் பள்ளிகளும் தங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் சுவையையும் குறித்து வைக்கும் ஏடுகளைத் தொடங்கலாம். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாய்ப் பேணி வந்த திருச்சபைக்கு ஏடு காப்பது புதிய கலையன்று. அரசுகள் மாறியபோதும் அழியாமல் நின்றவற்றில் நம் பங்குப் பதிவேடுகளும் உண்டு. நிலத்தின் நினைவைக் காக்க நம்மிடம் ஒரு கருவி இருக்கின்றது. அதைப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டும்.

ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் தூர்த்துவிட, ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டான் என்று தொடக்க நூல் கூறுகின்றது. மகன் தோண்டியபோது தண்ணீர் சுரந்தது, பெயரும் கிடைத்தது. நம் பேரப்பிள்ளைகளும் இந்நிலத்தில் ஒரு நாள் கிணறு தோண்டுவார்கள். எங்கே தோண்டலாம், எங்கே தோண்டலாகாது என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கும் கடமை, குழி தோண்டிய நம்முடையது.