ஊட்டியும் உருகும் உடல்

புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் மருந்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது சாப்பாடுதான். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா, உடம்புல தெம்பு வேண்டாமா?" என்று மகள் கெஞ்சுகிறாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கெஞ்சல் கோபமாகி, கோபம் அழுகையாகிறது. சட்டை தொளதொளக்கத் தொடங்கியதும், சாப்பிடாததால்தான் இளைக்கிறார் என்று பார்க்க வருகிறவர்களும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பழி அவருடைய வாய்மீதோ அவளுடைய சமையல்மீதோ விழுகிறது. உண்மையில் பழி சேரவேண்டிய இடம் இரத்தம்.

அதை நமக்குக் காட்டிக்கொடுத்தவை மாடுகள். கென்யாவில் ட்ரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி தாக்கிய மாடுகள் எலும்பும் தோலுமாகிச் சாவதை அமெரிக்க ஆய்வாளர் ஆன்டனி செராமி கவனித்தார். அவற்றின் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணிகளோ மிகச் சொற்பம். அப்படியானால் மாட்டை உருக்குவது அதன் உடம்பிலேயே சுரக்கும் ஏதோ ஒன்றாக இருக்கவேண்டும் என்று யோசித்தார். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அவரும் புரூஸ் பியூட்லரும் 1985இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து 'கேக்கெக்டின்' என்று பெயரிட்டார்கள். அதே நகரத்தில் வேறொரு குழு, சுண்டெலிகளின் புற்றுக்கட்டிகளைக் கருக்கிவிடும் பொருள் ஒன்றை 1975இலேயே கண்டு, டி.என்.எஃப். என்று அழைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. கட்டியைக் கருக்குவதற்காகத் தேடப்பட்டதும் உடம்பை உருக்குவதாகப் பிடிபட்டதும் ஒரே புரதம். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. காவலுக்கு வந்த படை ஊரின் களஞ்சியத்தையே தின்னத் தொடங்குவதுபோல, காக்கச் சுரந்ததே உடம்பைக் கரைக்கிறது.

புற்றுநோயாளியின் உடம்பில் இந்தப் படையில் டி.என்.எஃப். மட்டும் இல்லை. அதை மட்டும் தடுத்துப் பார்த்த மருந்துகள் நோயாளிகளின் இளைப்பை நிறுத்தவில்லை. இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதம் கல்லீரலை முடுக்கி, சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்யவைக்கிறது. அதற்கான மூலப்பொருளில் ஒரு பங்கு தசை கரைந்து வருகிறது. ஜி.டி.எஃப்-15 என்ற புரதம் மூளைத்தண்டுக்குப் போய்க் குமட்டலை எழுப்பிப் பசியை அணைக்கிறது. 'கேக்கெக்சியா' எனப்படும் இந்த உருக்கத்தை, வழக்கமான ஊட்டத்தால் மட்டும் முழுமையாக மீட்க முடியாது என்று 2011இல் மருத்துவ வல்லுநர்கள் கூடி வரையறுத்தார்கள்.

ஆகவே அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. பசியை மனவுறுதியின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்; அது அவர் கையில் இல்லை. நம் வீடுகளில் அன்பைச் சோறாகத்தான் கொடுத்துப் பழக்கம், தட்டு காலியானால்தான் அன்பு போய்ச்சேர்ந்ததாக நிம்மதி. அதனால் அவர் "போதும்மா" என்னும்போது மகளுக்குத் தன்னையே வேண்டாம் என்பதுபோல் வலிக்கிறது. அந்தச் சொல் அவளைப் பற்றியதே இல்லை. உயிரை வெறுத்துச் சொன்னதும் இல்லை. இது தெரிந்த வீட்டில் சாப்பாட்டு வேளை தண்டனையாக இருக்கவேண்டியதில்லை.

உணவை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை, பருப்பு, தயிர் என்று புரதம் சேர்த்து, முடிந்த அளவு நடக்கவும் வைத்தால் இருக்கும் தசை கொஞ்சமாவது நிற்கும். மருந்தும் வரத்தொடங்கியிருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், கீமோ தொடங்கிய வயிறு, நுரையீரல், கல்லீரல், கணையப் புற்றுநோயாளிகள் 124 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2023இல் வெளியானது. மனநோய்க்குத் தரும் ஒலான்சபின் மாத்திரையை நாளுக்கு 2.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் 12 வாரம் பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி. விலை குறைந்த பழைய மாத்திரை அது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் அவரிடம் கேட்பதற்கு வீட்டில் யாராவது எடையைக் குறித்து வைத்திருக்கவேண்டும். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் 57க்கு இறங்கினாலே சொல்லிவிடுங்கள்.