மண் யாருக்கு உறவு?

மண் ஒருவனுக்கு எப்போது சொந்தமாகிறது? பத்திரம் எழுதிய அன்றா? அல்லது முதல் வியர்வைத் துளி அதில் விழுந்த அன்றா? கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் சீமையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழுகிறது.

விஜயநகர ஆட்சியும் அதன் பின் மதுரை நாயக்கர் ஆட்சியும் தெற்கே பரவிய காலத்தில், தெலுங்கு நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும் மண். வெயில் அடித்தால் பாளம் பாளமாய் வெடிக்கும் மண். வானத்தை நம்பிய அந்த மண்ணில் அவர்கள் பருத்தியும் கம்பும் விளைவித்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று தலைமுறைகள் கழிந்தன. கரிசல் மக்களின் பேச்சுக்கு 1982-ல் சொல்லகராதி தந்து, 2021-ல் மறைந்த கி. ராஜநாராயணன், இடைசெவலில் அத்தகைய ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர்தாம். வந்தவர்களின் வழிவந்த பிள்ளை, வந்த மண்ணின் சொல்லைக் காத்துக் கொடுத்தார்! இதைவிடப் பெரிய உரிமைப் பத்திரம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் இத்துடன் நின்றுவிடுவது நேர்மையாகாது. குடியேறியவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. பெண்ணின் மானம் காக்க மன்னனுக்கு அஞ்சி ஓடிவந்ததும், காடு திருத்தி விளைநிலமாக்கியதும் அதில் உண்டு. பெருமையோடு சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால், அந்தக் காட்டில் அதற்கு முன் ஆடு மேய்த்தவன் ஒருவன் இருந்திருக்க மாட்டானா? பிறகு அதே நிலத்தில் கூலிக்குப் பருத்தி எடுத்தாளே ஒருத்தி, அவள் கதை எங்கே? திண்ணையில் உட்காரவே உரிமையில்லாதவள், திண்ணையில் கதை சொல்வது எப்படி?

முதலில் வந்தவனுக்கே மண் என்று சொன்னால், உலகத்தில் பாதிப் பேர் வீதியில் நிற்க வேண்டியதுதான். எல்லாரும் என்றோ ஓரிடத்திலிருந்து வந்தவர்களே. ஆகவே உழைத்தவனுக்கே மண் என்கிறோம். நல்ல நியாயம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயின் அந்த நியாயம் பட்டாக்காரரின் வாசலோடு நின்றுவிடலாமா? தமக்கு ஒரு படி, கூலிக்காரிக்கு ஒரு படி என்று அளப்பது அறமா?

பழம்பெருமை பேசுவது எளிது. அந்தப் பெருமைக்குள் பிறருக்கும் இடம்விட்டுப் பேசுவதுதான் அரிது. இடம் கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இடம் கொடுப்பதைவிடச் சிறந்த பாரம்பரியம் வேறு இல்லை.