தகுதி என்கிற தராசு

மலேசியா வாசுதேவன் பெரிய பாடகரா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. "அவரா, நல்லா பாடுவாரே" என்பார்கள். பெரிய பாடகர்கள் யார் யாரென்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு பேருக்கு அப்புறந்தான் அந்தப் பெயர் வரும். பலருக்கு வராமலே போகும். பாட்டு தெரியும், பாடினவர் யாரென்று தெரியாது. இதை வெறும் ரசனைக் கோளாறு என்று விட்டுவிட முடியவில்லை. ஒருவருடைய உழைப்பில் சந்தோஷம் அனுபவித்துவிட்டு அவர் பெயரைச் சொல்லாமலிருப்பது என்ன நியாயம்? இது அறம் பற்றிய கேள்வி.

அவர் 1944இல் மலாயாவில் பிறந்தவர். பூர்வீகம் கேரளம். மலாயா எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. கள்ளக்குறிச்சி அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டம். தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ரப்பர் தோட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டு போன கூலிகளில் கணிசமானவர்கள் ஆதிதிராவிடர்கள். 1938இல் அந்த ஆள்பிடிப்பு நிற்கும்வரை கப்பல் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த மண்ணின் பெயரையே அடைமொழியாகச் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தவர் இவர்.

சென்னையில் சில்லறை வாய்ப்புகளோடு காத்துக் கிடந்தார். 1977இல் '16 வயதினிலே' வந்தது. எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாட வேண்டிய பாட்டு. அவருக்குத் தொண்டை சரியில்லாமல் போகவே இளையராஜா வாசுதேவனைப் பாட வைத்தார். படத்தில் அந்தக் குரல் சப்பாணிக்கு. ஊரே வேலை வாங்கும், ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத சப்பாணிக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் "தகுதி, திறமை" என்றுதான் கத்தினார்கள். முதலில் தகுதியைக் காட்டு, அப்புறம் வாய்ப்பு என்பது அவர்கள் நியாயம். வாசுதேவன் கதை நேர்மாறாக இருக்கிறது. அந்த நாளுக்கு முன்னாலும் அதே தொண்டைதான். ஒருத்தர் வரவில்லை, கதவு திறந்தது, அதற்கப்புறம்தான் திறமை "தெரிந்தது". இன்னொருத்தர் தொண்டை கட்டாமல் இருந்திருந்தால், இவருக்குத் தகுதி இல்லை என்று ஆகியிருக்குமா?

கதவு திறந்தபின் வேலி வந்தது. 'மண்வாசனைக் குரல்' என்று பாராட்டினார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் எல்லை அதற்குள்ளேயே இருக்கிறது. அது டிஸ்கோ விளக்குகள் தமிழ் சினிமாவுக்குள் நுழைந்த காலம். 1982இல் 'சகலகலா வல்லவன்' படத்தில் புத்தாண்டுப் பாட்டு பாலசுப்பிரமணியத்துக்கு. நிலாக் காயும் கிராமத்துப் பாட்டு வாசுதேவனுக்கு. அவருக்கு மேற்கத்திய மெட்டு வராதா? ஊட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதையான 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) படத்துக்குப் பாடியதையும், 'அடுத்த வாரிசு' (1983) படத்தில் ரஜினிக்குப் பாடியதையும் கேளுங்கள். பேஸ் கிடாரின் மேல் அந்தக் குரல் வழுக்காமல் நடக்கும். 1985இல் 'முதல் மரியாதை'யில் சிவாஜிக்கே பாடினார். ஊர்ப் பெரிய மனிதரின் துக்கம் முழுக்க அந்தக் குரலில் இறங்கியது. பாடல் எழுதிய வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. '16 வயதினிலே'வுக்காக எஸ்.ஜானகிக்கும் கிடைத்தது. இரண்டுமே தகுதியான விருதுகள்தாம். 2011இல் சாகும்வரை வாசுதேவனுக்கு மட்டும் அது வரவில்லை.

தோழர்கள் கேட்கலாம்: "கலைமாமணி வாங்கினவர், படங்களில் நடித்தவர். அவர் தலித்தும் இல்லை. அவருக்காக நாம் என்னாத்துக்கு வருத்தப்படணும்?" சரியான கேள்வி. சேரியில் பிறந்தவன் படும் அவமானமும் அவருடைய இழப்பும் ஒன்றல்ல. ஒன்றென்று சொன்னால் அது பொய். நான் சொல்வது வேறு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்கும் ஏற்பாடு என்று 1936லேயே அம்பேத்கர் காட்டினார். இந்த அடுக்கில் வேலைக்கும் இழிவு ஒட்டியிருக்கிறது. தோல் தொட்டால் இழிவு, பறை தொட்டால் இழிவு. அந்தத் தாளத்துக்கு, அந்த ஆட்டத்துக்குப் பாடினால் குரலுக்கும் இறக்கம். நம்முடைய சத்தத்தின் பக்கம் நின்ற குற்றத்துக்காகத்தான் ஒரு நல்ல பாடகரின் எடை குறைந்தது. ஆகவே இது நம் வழக்குதான்.

எங்கள் சேரியில் கல்யாணம் என்றால் கள்ளக்குறிச்சியிலிருந்து சவுண்டு செட் வரும். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி 'முரட்டுக் காளை' ரிக்கார்டு போடுவார்கள். கிழவிகூட ஆடும். கொஞ்ச நேரத்தில் ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும்: "சத்தத்தைக் கொறைங்கடா." அதே பாட்டு அவர்கள் திருவிழாவில் விடிய விடிய ஓடும், அப்போது யாருக்கும் காது வலிக்காது. பாட்டைக் கீழானதாக்கியது ஸ்பீக்கர் எந்தத் தெருவில் இருந்தது என்பதுதான்.

மேற்கே நிமிர்ந்தால் கல்வராயன் மலை. அங்கே 1976வரை ஜாகிர் நிர்வாகம். ஜாகிர்தார்களின் பெயர்கள் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காட்டைத் திருத்தி, தினையும் சாமையும் விளைவித்த மலையாளிப் பழங்குடிகளில் ஒருத்தர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அனுபவிக்கிறவன் பெயர் தங்கும், உழைக்கிறவன் பெயர் கரையும். வயலிலும் அதுதான் வழக்கம், பாட்டிலும் அதுதான்.

விருதுக் குழுவைத் திட்டுவது சுலபம். நம் கையில் இருக்கிற தராசையும் பார்க்க வேண்டும். நம் கூட்டத்து நோட்டீஸை எடுங்கள். தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், சிலருக்குப் பட்டமும் இருக்கும். அதன் மேலே "பறை முழக்கத்துடன் துவங்கும்" என்று ஒரு வரி. முழக்கியது யார்? ஆறு பேர் வெயிலில் நின்று அடித்திருப்பார்கள். பறையை விடுதலையின் குரல் என்று மேடையில் பேசிவிட்டு, அதை அடித்தவர் பெயர் கேட்காமலே சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறோம்.

அடுத்த நோட்டீஸில் அந்த ஆறு பெயரையும் அச்சிடுங்கள். சிறப்புரையாளர் பெயர் எந்த அளவு எழுத்தோ, அதே அளவில்.