நோயாளியின் கதை யாருக்குச் சொந்தம்?

மருத்துவ மாநாடு ஒன்று கூடப்போகிறது என்றால், அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வைத்தியசாலைகளில் ஒரு சுறுசுறுப்புத் தோன்றிவிடும். இளம் டாக்டர்கள் தாம் சிகிச்சை செய்த அபூர்வமான நோய்களை நினைவுகூர்வர். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, சில நூறு சொற்களுக்குள் சுருக்கி, மாநாட்டுக் குழுவுக்கு அனுப்பிவைப்பர். முன்னுரை, நோயாளியின் வரலாறு, பரிசோதனை முடிவு, சிகிச்சை, கற்ற பாடம் என்பதே அச்சுருக்கத்தின் அமைப்பு. குழு ஏற்றுக்கொண்டால் மேடையேறிப் பேசலாம். மேற்படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் அது துணை செய்யும். இதிலே குற்றம் காண ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அந்தச் சில நூறு சொற்களுக்குள் அடைபட்ட மனிதனிடம் யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஓட்டமாவடிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மாரி காலம். வயலிலே முழங்கால் அளவு சேறு. காலிலே சிறு புண். உடம்பிலே நெடுநாளைய நீரிழிவு. காய்ச்சல் காண்கிறது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்கிறார்கள். பின்னர் காசநோயோ என ஐயுறுகிறார்கள். வாரங்கள் கழிந்து, இரத்தத்தைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது உண்மை வெளிப்படுகிறது. நோய் மெலியோய்டோசிஸ். சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமி, தோற்புண் வழியே உடலுட் புகுந்து, ஈரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் நோய் அது. தக்க மருந்தை ஊசி வழியே இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏற்றி, அதன்பின் மாதக்கணக்கில் குளிகை கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். காலந் தாழ்த்தினால் மரணம்.

இத்தகைய நோயாளியின் வரலாற்றை மாநாட்டிலே சொல்லாமல் விடுவது தருமமாகுமா? ஆகாது என்பதே நம் விடை. அதற்கு இந்நாட்டின் வரலாறே சான்று. இலங்கையிலே இந்நோய் முதன்முதலாக ஏட்டில் பதிவானது 1927ஆம் ஆண்டில். பதிவுபெற்றவர் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். சேற்றிலே நின்று நெல் விளைவித்தவன் அந்த ஏட்டில் இல்லை. அவனுக்கு நோய் வரவில்லை என்பதா இதன் பொருள்? அவனைச் சோதித்துப் பார்க்க எவரும் இல்லை என்பதே பொருள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டு முதல் முறையாகத் தேடத் தொடங்கிய பிறகுதான், இது இந்நாட்டு மண்ணிலேயே வேரூன்றிய நோய் என்பது தெளிவாயிற்று. இடைக்காலத்தில் பெயர் தெரியாத காய்ச்சலால் மாண்ட விவசாயிகள் எத்தனை பேரோ! ஒரு வைத்தியர் தாம் கண்டதை மற்றவர்க்கு உரைக்காத இடத்திலே அடுத்த நோயாளி சாகிறான். ஆகவே, நோயாளியின் வரலாற்றை வெளியிடுவது வைத்தியரின் விருப்பம் மட்டுமன்று; கடமையுமாகும்.

இதைச் சொன்னவுடன் சிலர் வேறொரு முடிவுக்குத் தாவுகின்றனர். "அறிவு உலகத்துக்குப் பொது. இதற்கு நோயாளியின் சம்மதம் எதற்கு? பெயரைத்தான் மறைத்துவிடுகிறோமே!" என்பது அவர்கள் வாதம். வாதம் நேர்மையானதே, ஆயினும் இருவகையில் தவறுகிறது.

முதலாவது, பெயரை மறைத்தால் ஆள் மறைவதில்லை. பெருநகரத்திலே மறையலாம். ஓட்டமாவடி போன்ற ஊரிலே வயது, தொழில், காலில் பழைய வெட்டுக்காயம், வைத்தியசாலையில் கிடந்த மாதம் ஆகிய நான்கையும் சொன்னால், சந்தையில் மீன் விற்பவர்கூட ஆளைச் சொல்லிவிடுவார். ஆளை மறைப்பதற்காக விவரங்களை மாற்றி எழுதலாமா என்றால், அது விஞ்ஞானத்துக்குச் செய்யும் துரோகம். நோய்க்குத் தொடர்பற்ற விவரத்தை விட்டுவிடலாம், பொய்யை எழுதலாகாது.

இரண்டாவது, ஒருவரின் உடலும் அதன் துன்பமும், பிறர் நன்மைக்குப் பயன்படுகின்றன என்ற காரணத்தால், அவருடையவை அல்லாமற் போய்விடமாட்டா. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வைத்தியசாலையொன்றில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற ஏழை நீக்ரோப் பெண் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இன்றும் பெருகுகின்றன. எண்ணற்ற மருந்துகளுக்கு அவை உதவின. அவர் குடும்பத்தாருக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றும் தெரியாது. நன்மை விளைந்தது உண்மை. அநீதி நடந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம், ஆராய்ச்சிக்கு ஆளாகும் மனிதரின் சம்மதத்தை வலியுறுத்திற்று. இன்று மருத்துவ ஏடுகள் பலவும் தனி நோயாளியின் வரலாற்றை வெளியிடுமுன் எழுத்துமூலச் சம்மதம் கேட்கின்றன.

ஆனால், கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைக் காய்ச்சலில் நடுங்கும் மனிதனிடம் நீட்டி, "இதிலே போடுங்கள்" என்றால் அவன் போட்டுவிடுவான். மறுத்தால் மருந்து நின்றுவிடுமோ என்ற அச்சம் அவனுக்கு. அச்சத்தால் இட்ட கையெழுத்துச் சம்மதமாகாது. நோய் தணிந்தபின், வைத்தியர் கட்டிலருகே அமர்ந்து, "காக்கா, உங்களுக்கு வந்த வருத்தத்தப் பத்தி மத்த டாக்டர்மாருக்குச் சொல்லப் போறன். பேர் சொல்ல மாட்டன். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க, மருந்து ஒண்டும் குறையாது" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஐந்து நிமிடம். மருத்துவத்தைத் தமிழில் விளக்க இயலாது என்போருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டே விடையளித்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' போன்ற நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அந்நியர் ஒருவர் செய்ததை நாம் செய்ய இயலாதா?

கேளாமற் செய்வதன் கொடுமையை ஓட்டமாவடி மண் நன்கறியும். கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் கூறியிருந்தது. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை அரசு எரித்தலையே கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்பது நிபுணர் சொன்ன காரணம். ஆதாரம் கேட்ட குடும்பங்களுக்கு விடை இல்லை. பிறந்து இருபதே நாளான சிசுவும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது மனிதராயிருந்தவர்கள், இறந்ததும் தொற்றுக் கணக்கின் இலக்கங்களாயினர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அரசு இறங்கிவந்தது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியின் மஜ்மா நகரிலே உடல்கள் அடக்கப்பட்டன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உளர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்த உடல் திரும்பவில்லை.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். புதைப்பதால் நோய் பரவும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் வெளிப்படையாகக் கூறியது. விஞ்ஞானத்தின் பெயரால் நிகழ்ந்த பிழையை விஞ்ஞானிகளே சுட்டிக்காட்டினர். மருத்துவர் ஒன்றுகூடி, தம் கூற்றுகளை ஒருவர்முன் ஒருவர் வைத்து, கேள்விக்கு உட்படுத்தும் மரபின் பெருமை அதுவே. மாநாட்டின் மெய்யான பயனும் அதுவே.

அப்படியானால் அம்மேடையில் ஏறவேண்டிய வரலாறுகள் எவை? இன்று அபூர்வமான நோய்க்கு அங்கே இடமுண்டு. அன்றாட நோய்க்கு இல்லை. வெற்றிபெற்ற சிகிச்சைக்குக் கைதட்டலுண்டு. காலந் தாழ்ந்து கண்ட நோயைப் பற்றிப் பேச்சில்லை. நம் விவசாயியின் வரலாற்றிலே உண்மையான பாடம் கிருமியின் பெயர் மட்டுமா? அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க ஏன் வாரங்கள் சென்றன? அருகிலே சோதனை வசதி இருந்ததா? நீரிழிவுக்கு ஒழுங்காக மருந்து எடுக்க அவனுக்குக் கூலியிழக்காத நாள் கிடைத்ததா? சேற்றிலே இறங்க அவனிடம் சப்பாத்து இருந்ததா? இவற்றை விட்டுவிட்டுச் சீழ்க்கட்டியின் படத்தை மட்டும் திரையிலே காட்டினால், நோய் காட்டப்படும். நோயின் காரணம் மறைக்கப்படும்.

ஆகவே, மாநாட்டுக்கு எழுதும் இளம் வைத்தியர்களிடம் நாம் வேண்டுவது மூன்று. நோயாளியிடம் அவர் மொழியிலே கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தாமதத்தையும் தவறையும் மறையாது எழுதுங்கள். மாநாடு முடிந்தபின், கற்ற பாடத்தை அந்த விவசாயியின் ஊருக்கே திரும்பக் கொண்டுசெல்லுங்கள்: புண்ணோடு சேற்றில் இறங்காதீர், நீரிழிவைக் கட்டுப்படுத்துங்கள், காய்ச்சல் விடாது நின்றால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள் என்று. மேடையில் கிடைக்கும் சான்றிதழில் அவர் பெயர் இராது. அவர் பக்கத்து வயற்காரன் அடுத்த மாரியிலே உயிரோடிருந்தால், அவர் கொடுத்த கதைக்கு நாம் செலுத்திய கடன் அதுவாகும்.