பிண்ணாக்கில் யார் இருக்கிறார்?

எங்கள் வீட்டில் மரச்செக்கு இருந்தது. மாடு சுற்றச் சுற்ற எள் நசுங்கும். நடுவில் அப்பா கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். முதலில் பொடி, பிறகு விழுது, அப்புறம்தான் உலக்கை ஓரத்தில் எண்ணெய் பளபளவென்று கசியும். எண்ணெயை எடுத்த பின் செக்குக்குள் இறுகிக் கிடக்கும் பிண்ணாக்கை நெம்பி எடுப்பது என் வேலை. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

"எள்ளுக்குள்ள எண்ணெய் மாதிரி எல்லாத்துக்குள்ளயும் சாமி இருக்காரு" என்பார் அப்பா. "அப்ப இந்தப் பிண்ணாக்குல யாருப்பா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊறவைத்து மாட்டுக்கு வைக்கச் சொன்னார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. எண்ணெய் சாரம், மிச்சம் சக்கை என்று பழகிய மனசு, உயிர் சாரம், உடம்பு சக்கை என்றும் சுலபமாக நினைத்துவிடுகிறது. உடம்பைச் சக்கை என்று நினைப்பவனுக்கு அடுத்தவன் பசி பெரிதாகத் தெரியாது. என் கவலை அதுதான்.

பசித்தவனுக்கு எண்ணெயா, கடலையா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 164 கலோரி. அதே எடை எண்ணெயில் 884. ஐந்து மடங்குக்கும் மேல்! ஆனால் எண்ணெயில் இருப்பது அநேகமாகக் கொழுப்பு மட்டும்தான். புரதம் இல்லை, நார்ச்சத்து இல்லை. கடலையில் புரதம் ஏறக்குறைய 9 கிராம், நார்ச்சத்து ஏழரை கிராம், இரும்புச்சத்து 3 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. எள்ளிலும் புரதம் உண்டு. செக்கில் ஆட்டினால் அது பிண்ணாக்கோடு தங்கிவிடும். பசியைத் தீ என்கிறோம். தீக்கு எண்ணெய் போதும். பிள்ளையின் உடம்பு எரிந்தால் மட்டும் போதுமா? எலும்பு நீள வேண்டும், தசை பிடிக்க வேண்டும், ரத்தம் ஊற வேண்டும்.

விளக்கு எண்ணெய்க்காக உடம்பையே கொடுக்கத் துணிந்தவரும் உண்டு. திருவொற்றியூர்க் கலிய நாயனார் எங்கள் தொழில்காரர். கோயிலுக்கு விளக்கெரித்தே செல்வம் தீர்ந்து, கூலிக்குச் செக்காட்டி, அந்த வேலையும் கிடைக்காமல் மனைவியை விற்கப் பார்த்து, கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாக ரத்தத்தை வார்க்கத் தன் கழுத்தையே அரிந்தவர் என்கிறது பெரியபுராணம். சின்ன வயதில் அவருக்காக அழுதேன். இப்போது அவர் விற்கப் பார்த்த அந்த அம்மாவை நினைத்தும் கண் கலங்குகிறது.

அதே திருவொற்றியூரில் இளமையில் வழிபட்டு வந்தவர் வள்ளலார். இறைவனை ஜோதியாகவே கண்டவர். வடலூரில் ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை 1872இல் தொடங்கியது. ஆனால் பசித்தவர்களுக்குச் சோறு போட அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு 1867லேயே மூட்டியாகிவிட்டது, இன்றுவரை அணையவில்லை. விளக்குக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அடுப்பு! எனக்கு இந்த வரிசை பெரிய உபதேசமாகத் தெரிகிறது.

அப்பா சொன்ன உவமையில் எள் இன்னும் செக்குக்குள் விழவில்லை. அது முழு எள். சாமியும் அந்த முழு எள்ளில்தான் இருக்கிறார். பிண்ணாக்காகப் போகும் பாதியிலும் சேர்த்துத்தான்.

விளக்குக்கு எண்ணெய் வாங்கிப் போங்கள், அது எங்களுக்குச் சோறு போட்ட தொழில். முந்தின ராத்திரியே ஒரு படி கொண்டைக்கடலையும் ஊறப்போடுங்கள். வேகவைத்துத் தாளித்து, கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் சூடாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றுங்கள்.