கொடுக்கப்பட்ட பொழுது

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட அறம் இன்பத்தை முற்றிலும் விலக்கும் அறமன்று. முற்றத் துறத்தல் முனிவர்க்கு உரியது. அளந்து நுகர்தல் சிராவகர்க்கு உரியது. இவ்வளவும் நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. ஆயின் அந்த அளவை எதனைக் கொண்டு வகுப்பது என்னும் வினா, வாழ்வில் ஒரு புதிய பொறுப்பு வந்து சேரும்போதுதான் கூர்மை பெறுகிறது. அத்தகைய பொறுப்புகளுள் தலையாயது முதல் மகவின் வரவு.

நகரங்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் இக்கால இளைஞர் பலருக்கு மேசை விளையாட்டுகளில் பெருவிருப்பம் உண்டாகியிருக்கிறது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பலகை, அட்டை, பகடை, சிறு காய்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆடுவன இவை. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்திச் செல்ல, ஏனையோர் அக்கதையின் மாந்தராகி நடந்து கொள்வர். ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரம் நீளும். ஒரே கதை மாதக் கணக்கில் தொடரும். 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் என்பவர் உருவாக்கிய 'கட்டான்' இன்னொரு வகை. மரம், செங்கல், தானியம் முதலியவற்றைப் பண்டமாற்றுச் செய்து பாதைகளையும் குடியிருப்புகளையும் அமைக்கும் அவ்வாட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பகடையைக் கண்டவுடன் ஏழு வியசனங்களுள் முதலாவதாகிய சூதினை நம் பெரியோர் நினைவு கூர்வது இயல்பே. ஆயினும் சூதின் தீமை பந்தயப் பொருளிலும், அதன்பால் எழும் பேராசையிலும் உள்ளது. பொருள் வைத்து ஆடாத விளையாட்டினை அதனோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. வடநாட்டுச் சமணரிடையே வழங்கிய ஞான சௌபர் பலகைகளிலும் பகடை உருண்டதுண்டு. பெரும்பாலும் 84 கட்டங்கள் கொண்ட அப்பலகைகளில் நல்வினை ஏணியாகவும் தீவினை பாம்பாகவும் நிற்க, உச்சியில் முக்தி அமைந்திருக்கும். ஆதலின் விளையாட்டு என்பதற்காகவே ஒன்றனைப் பழித்தல் வேண்டா.

ஆனால் மகவு பிறந்த இல்லத்தில் நிலைமை வேறாகிறது. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலுண்ணும். இரவென்றும் பகலென்றும் அதற்கு வேறுபாடில்லை. தாயின் உறக்கம் இரண்டு மணி நேரத் துண்டுகளாகச் சிதறுகிறது. முதல் ஆறு திங்கள் தாய்ப்பாலன்றி வேறு உணவு வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அக்காலம் முழுவதும் அவ்வுழைப்பின் பெரும்பகுதி தாயின் மீதே சார்கிறது.

இந்நிலையில் அந்தத் தந்தை தன் விளையாட்டை என் செய்வது? பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. 'தந்தையான பின் விளையாட்டு எதற்கு? முற்றிலும் விட்டுவிடு' என்பது ஒன்று. 'வாரமெல்லாம் உழைப்பவனுக்கு உள்ள ஒரே ஆறுதல் அது, அதையும் பறிக்கலாமா?' என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே விளையாட்டை மட்டும் நோக்குகின்றன. நாம் நோக்க வேண்டியது, அவ்விளையாட்டு நிகழும் பொழுது எவருடையது என்பதையே.

மணமான புதிதில் சனிக்கிழமை மாலை நான்கு மணி நேரம் விளையாடியவன் பெரும்பாலும் தன் பொழுதையே செலவிட்டான். மகவு பிறந்த பின் அதே நான்கு மணி நேரம் அவன் சென்றால், அந்நேரம் முழுவதும் குழந்தையை ஏந்தியிருப்பவள் ஒருத்தி உண்டு. அவளுடைய உறக்கத்திலிருந்தும் குளியலிலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டதே அந்தப் பொழுது. அதனை அவள் மனமுவந்து கொடுத்தால் அது கொடை. கொடாமலே கொள்ளப்பட்டால், கொடாததைக் கொள்ளுதல் என்னும் குற்றத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது. கள்ளாமை என்னும் அணுவிரதம் பொருளைக் குறித்தே பேசுகிறது என்று ஒருவர் கூறலாம். மணிக்கணக்கில் ஊதியம் பெற்று வாழும் நாம், பொழுது பொருளன்று என்று எங்ஙனம் கூறுவது? உடையவர் மறந்துவிட்ட பொருளையும் கொள்ளலாகாது என்று நுணுகி உரைத்த அறம், உடையவள் சோர்வினால் கேட்க மறந்துவிட்ட பொழுதினை மட்டும் எடுத்துக்கொள்ள இசையுமா?

இங்கே கொடுத்தல் என்பதனையும் சற்று ஆராய்தல் வேண்டும். நம் குடும்பங்களில் 'வேண்டா' என்று சொல்லிப் பழகாத பெண்டிர் பலர். நண்பர்களுக்கு முன்னரே வாக்களித்துவிட்டு, புறப்படும் வேளையில் வாயிலில் நின்றுகொண்டு 'போய்வரட்டுமா?' என்று கேட்பவன், விடையைத் தானே எழுதிக்கொண்டு கேட்கிறான். மறுக்க இடமளித்துக் கேட்கப்பட்ட அனுமதியே அனுமதி. அதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. யாரும் குறுக்கிடாத அத்துணை பொழுது, அவ்வாரத்தில் அவளுக்கும் கிடைத்ததா? உறங்குவதோ, நூல் படிப்பதோ, ஜினாலயம் சென்று வருவதோ, அது அவள் விருப்பம். அவளுக்குக் கிடைத்திருந்தால் அவனும் மன அமைதியோடு விளையாடலாம். விளையாட்டில் விருப்பமுடையவள் மனைவியாயினும் முறை இதுவே.

அளவினை வகுக்கும் வழியையும் நம் முன்னோர் காட்டிச் சென்றுள்ளனர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாணத்தை இரண்டாகப் பகுக்கிறார். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். நியமத்திற்கு ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட ஒரு பருவம், ஆறு திங்கள் கொண்ட ஓர் அயனம் எனக் கால அளவுகளும் கூறப்பட்டுள்ளன. புதிதாய்ப் பெற்றோராகியவர்க்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைத்தல் அரிது.

மகவு பிறந்த மகிழ்ச்சியில் 'இனி விளையாடவே மாட்டேன்' என்று யமம் ஏற்பவன், மூன்றாம் திங்களில் அதனை முறித்து, முறித்ததை மறைக்கவும் நேரும். விரதபங்கத்தோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். எவ்வரையறையும் ஏற்காதவனின் இல்லத்திலோ, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வழக்காடு மன்றமாகும். நியமம் இவ்விரண்டினின்றும் காக்கிறது. முதல் பருவமாகிய இரண்டு திங்கள் வெளியே சென்று விளையாடுவதில்லை. அதன்பின் அயனம் முடியும் வரை, பக்கத்திற்கு ஒருமுறை, ஒன்றேகால் மணி நேர ஆட்டம் ஒன்று, தன் இல்லத்திலேயே. ஆறாம் திங்கள் முடிந்ததும் இருவரும் அமர்ந்து மீண்டும் அளத்தல். இவ்வாறு கணவனும் மனைவியும் கூடி ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம். அவரவர் இல்லத்திற்கேற்ப அளவு மாறலாம். முன்னரே கூறப்பட்டிருத்தலும் முடிவு நாள் குறிக்கப்பட்டிருத்தலுமே இன்றியமையாதவை. எப்போது முடியும் என்று தெரிந்த சுமையைத் தாங்குவது எளிது. அது மனைவிக்கும் பொருந்தும், விளையாட்டை விட்டிருப்பவனுக்கும் பொருந்தும்.

தொடர்கதையாக ஆடும் ஆட்டத்தில் உடன் ஆடுவோர்க்கும் ஒரு கடன் உண்டு. ஒருவர் வாராவிடின் நால்வர் காத்திருப்பர். ஆதலின் 'வர முயல்கிறேன்' என்று வாரந்தோறும் கூறி வாராதிருத்தலினும், 'ஓர் அயனம் எனக்கு விடுப்புத் தாருங்கள்' என்று முன்னரே கூறிவிடுதல் வாய்மைக்கு அழகு.

விழிப்புடைமை பற்றியும் ஒரு சொல். பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் கருத்தாயிருத்தலை முனிவர்க்கு ஆதான நிக்ஷேபண சமிதி என ஓதினர். சிறு பகடையும் காயும் தரையில் கிடந்தால், தவழும் குழந்தை அவற்றை வாயிலிட்டு விழுங்கக்கூடும். சிறு பாகங்கள் உள்ள ஆட்டப் பெட்டிகளில் மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு ஆகாது என்று அச்சிட்டிருப்பது இதனாலேயே. ஆடி முடித்தபின் காய்களை எண்ணிப் பெட்டியில் இட்டு உயரத்தில் வைப்பதும் இல்லறத்தானுக்கு ஒரு சமிதியே. இன்னும் பிரிக்கப்படாத பெட்டிகள் அடுக்கில் இருக்கப் புதியன வாங்குவதை நிறுத்தினால், பரிக்கிரக பரிமாணமும் உடன் நிறைவேறும்.

தாத்தா பாட்டியர்க்கும் இதில் பங்குண்டு. 'இன்னும் என்ன விளையாட்டு?' என்று கடிந்துரைப்பதற்கு முன், ஒரு மணி நேரம் பேரக்குழந்தையைத் தாம் ஏந்திக்கொண்டு, பெற்றோர் இருவரையும் சேர்ந்து இளைப்பாறச் செய்வார்களாயின், அது சிறந்த தொண்டாகும்.

ஆதிபகவன் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்த வரலாறு நம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. அரசாட்சியின் நடுவே அவர் அவர்களுக்குப் பொழுது கொடுத்தார் என்பதே அவ்வரலாற்றில் தந்தையர் காணத்தக்கது. இன்று ஒதுக்கி வைக்கப்படும் பலகை, நான்கைந்து ஆண்டுகளில் அக்குழந்தையின் முன்னே விரிக்கப்படும். பகடையின் புள்ளிகளை எண்ணவும், தன் முறைக்குக் காத்திருக்கவும், தோற்றபோது முகம் வாடாதிருக்கவும் தந்தை அப்போது கற்பிக்கலாம். அளவறிந்து விட்டவன் விளையாட்டை இழப்பதில்லை. உரிய காலத்தில், உரியவரோடு, கொடுக்கப்பட்ட பொழுதில் அதனைத் திரும்பப் பெறுகிறான்.

அளவறிந்து வாழ்வோம், அறம் வளர்ப்போம்.